ஜீரோ கமிஷனும் எங்க ஊர் குட்டியானை வாடகையும்



காப்பிப் பழம் பறிச்சு முடிச்சாச்சு. களத்துல காயுது. மிளகு பறிக்க இன்னும் ரெண்டு வாரம் ஆகும். வழக்கமா இந்த இடைவெளியில காட்டுமாடு வேலியை மிதிச்ச கதை, இல்லைன்னா மழை தப்பிப் பெய்த கதைதான் எழுதுவேன். இந்தத் தடவை பங்குச்சந்தை பத்தி எழுதப்போறேன். "உனக்கு எதுக்குய்யா இது"ன்னு கேக்குறவங்க கடைசிவரைக்கும் படிச்சுட்டுத் திட்டுங்க.

காரணம் இருக்கு. 2025 தொடக்கத்துல காப்பிக்கு உலக மார்க்கெட்டே கண்டிராத விலை வந்துச்சு. தாண்டிக்குடி, பண்ணைக்காடு, மங்களங்கொம்புப் பக்கம் பல வருஷமா நஷ்டக்கணக்கு எழுதிட்டிருந்த வீடுகள்ல கொஞ்சம் பணம் மிஞ்சுச்சு. பணம் மிஞ்சினா அது பின்னாடியே யோசனை சொல்றவங்களும் வந்துடுவாங்க. முந்தி தேக்குமரத் திட்டம் வந்துச்சு, அப்புறம் ஈமு கோழி வந்துச்சு. இப்ப செல்போன்ல ஆப்பு வருது. (ரெண்டு அர்த்தத்துலயும் எடுத்துக்கலாம்.)

டீக்கடையில, பஸ்ஸுல, கல்யாண வீட்டுப் பந்தியில இப்ப ஒரே பேச்சு. "மியூச்சுவல் ஃபண்டுன்னா நடுவுல உக்காந்து கமிஷன் அடிக்கிறவன். மண்டிக்காரன் மாதிரி. நேரா நாமளே ஷேர் வாங்கிட்டா கமிஷன் ஜீரோ." நல்லாப் படிச்ச பசங்களே இதைச் சொல்றாங்க. மண்டிக்காரனைத் திட்டினா விவசாயிக்கு உடனே பிடிச்சுப்போகும்னு எவனோ கண்டுபிடிச்சு வச்சிருக்கான்.

இந்தப் பேச்சு பாதிப் பொய். பாதிப் பொய்ங்கிறதாலதான் ஆபத்து.

மண்டிக் கதையையே எடுத்துக்குவோம், அது நமக்குத் தெரிஞ்ச கணக்கு. மலைவாழைத் தார் நூறு இருக்குன்னு வைங்க. மண்டிக்கு அனுப்பினா நூத்துக்குப் பத்து கமிஷன், இறக்குக்கூலி, அப்புறம் சீட்டுல என்னன்னே புரியாத ரெண்டு பிடித்தம். வயிறு எரியும். சரி, மண்டி வேணாம், நானே கொண்டுபோய் விக்கிறேன்னு ஒரு குட்டியானை பிடிச்சு வத்தலக்குண்டு இறங்கினா என்ன ஆகும்? கமிஷன் இல்ல, நிஜம். ஆனா வண்டி வாடகை இருக்கு. நூறு தார் ஏத்தினாலும் அதே வாடகை, நாலு தார் ஏத்தினாலும் அதே வாடகை. நூறு தார் இருக்கிறவனுக்கு அந்த வாடகை ஒரு பொருட்டே இல்ல. நாலு தார் கொண்டுபோறவன் வாடகைக்கே ரெண்டு தாரைக் கொடுத்துட்டு வரணும். கமிஷன் மிச்சம்னு சந்தோஷமாத் திரும்பி வருவான், பாவம்.

நேரா ஷேர் வாங்கி விக்கிறதும் இதேதான். அதுல கமிஷன் ஜீரோவா இருக்கலாம், ஆனா வண்டி வாடகை உண்டு. அதை யாரும் சொல்றதில்ல.

என் தம்பி மகன் கதையைச் சொல்றேன். பேர் வேணாம், இந்தப் பக்கத்தை அவனும் படிப்பான். இஞ்சினியரிங் முடிச்சிட்டு வீட்டுல இருக்கான், தோட்ட வேலையும் பாக்குறான், நல்ல பையன். போன வருஷம் காப்பி வித்த பணத்துல ஒரு லட்சத்து இருபதாயிரம் தனியா எடுத்து வச்சோம். காட்டுமாட்டுக்கு சோலார் வேலி போடணும்னு. வேலிக்காரர் தேதி தள்ளிக்கிட்டே போனார். "பெரியப்பா, அதுவரைக்கும் சும்மா கிடக்கிற பணம்தானே, நான் பாத்துக்கிறேன்"னான். நானும் தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலுக்கு என்னையும் திட்டலாம்.

எட்டு மாசம் கழிச்சுக் கேட்டேன். "லாபத்துலதான் இருக்கேன் பெரியப்பா, ஏழாயிரத்து முந்நூறு"ன்னு செல்லைக் காட்டினான். பச்சை எழுத்துல இருந்துச்சு. சந்தோஷம்தான். ஆனா மண்டிச் சீட்டுல ஏமாந்து ஏமாந்து எனக்கு ஒரு பழக்கம், மொத்தத் தொகையை நம்பமாட்டேன், பிடித்தம் எவ்வளவுன்னு பாப்பேன். "இதுக்கு பில்லு மாதிரி ஏதாச்சும் வருமா?"ன்னேன். கான்ட்ராக்ட் நோட்டுன்னு மெயில்ல தினம் வருதாம். ஒண்ணைக்கூட அவன் திறந்து பாத்ததில்ல.

ஒரு ஞாயித்துக்கிழமை ரெண்டு பேரும் உக்காந்து எல்லாத்தையும் திறந்தோம். கையில எப்பவும் முப்பது கம்பெனி ஷேர் இருக்கும், ஒவ்வொண்ணுலயும் நாலாயிரம் ரூபாய்க்கு. ஏறினா வித்துடுவான், அந்தப் பணத்துல வேற வாங்குவான். எட்டு மாசத்துல நூத்து நாப்பது தடவை வித்திருக்கான். ஒரு தடவை வாங்கி வித்தா என்ன செலவுன்னு நோட்டுப்புத்தகத்துல எழுதினேன்.

வாங்கும்போது புரோக்கருக்கு 5 ரூபாய். அவன் வச்சிருந்த ஆப்புல ஒரு ஆர்டருக்குக் குறைஞ்சபட்சமே அதுதான். அதுக்கு மேல 18 சதவீதம் ஜி.எஸ்.டி. பங்கு பரிவர்த்தனை வரி, அதாவது எஸ்.டி.டி., ஆயிரத்துக்கு ஒரு ரூபாய், நாலாயிரத்துக்கு நாலு ரூபாய். முத்திரைத்தீர்வை அறுபது பைசா. எக்ஸ்சேஞ்சுக்கும் செபிக்கும் சில்லறைப் பைசா. கிட்டத்தட்ட பத்தரை ரூபாய் ஆச்சு. விக்கும்போது மறுபடி புரோக்கருக்கு 5, மறுபடி ஜி.எஸ்.டி., மறுபடி எஸ்.டி.டி. நாலு ரூபாய். அதோட டிபி சார்ஜ்னு ஒண்ணு, வரியோட சேத்து 20 ரூபாய். டீமேட் கணக்குல இருந்து ஷேர் வெளியே போறதுக்கு வாங்குற கூலி. ஒரு நாள்ல ஒரு கம்பெனி ஷேரை வித்தா ஒரு தடவை. ஒரே ஒரு ஷேர் வித்தாலும் அதேதான், ஆயிரம் ஷேர் வித்தாலும் அதேதான்.

குட்டியானை வாடகை!

மொத்தம் ஒரு சுத்துக்கு 41 ரூபாய். நூத்து நாப்பது தடவைக்கு 5,740. ஏழாயிரத்து முந்நூறு லாபத்துல கழிச்சா மிச்சம் 1,560 ரூபாய். செல்லுல பச்சையாக் காட்டினது செலவைக் கழிக்காத லாபம். அதே பணத்தை போஸ்ட் ஆபீஸ்ல ஒரு வருஷ டெபாசிட்டுல போட்டிருந்தா 6.9 சதவீதம், எட்டு மாசப் பங்கு ஐயாயிரத்து ஐந்நூறு. ராத்திரி பதினொரு மணிக்கு சிக்னல் தேடி மொட்டைப் பாறைமேல ஏறி உக்காந்திருக்கவும் வேணாம். (விக்கிறதுக்கு ஓ.டி.பி. வரணும். எங்க பக்கம் மழை மேகம் இறங்கினா டவர் படுத்துடும். ஓ.டி.பி. வரும்போது விலை இறங்கியிருக்கும். இதை எந்தச் செலவுக் கணக்குல எழுதறது?)

பையன் முகம் சுண்டிப்போச்சு. எனக்கும் கஷ்டமா இருந்துச்சு. அவன் சூதாடல, ஆப்ஷன் பக்கம் போகல, கடன் வாங்கல. ஒழுங்கா, ஆசையா, உழைச்சு செஞ்சான். உழைப்புல முக்கால்வாசி கூலியாவே போயிடுச்சு. அவனைக் குத்தம் சொல்ல நான் இதை எழுதல. "ஜீரோ"ன்னு அவன் காதுல ஓதினவங்களைத்தான் கேக்குறேன்: புரோக்கரேஜ் ஜீரோவா இருந்தாக்கூட மத்ததெல்லாம் யார் கட்டுறது?

சரி, புரோக்கரேஜ் உண்மையிலேயே ஜீரோவா இருக்கிற இடத்தையே எடுத்துக்குவோம், அப்படியும் இருக்காங்க. டிபி சார்ஜை வரியோட 16 ரூபாய்னு வைங்க. ஆயிரம் ரூபாய்க்கு ஒரு ஷேர் வாங்கி அதே விலைக்கு விக்கிறீங்க. போக வர எஸ்.டி.டி. ரெண்டு ரூபாய், மத்த சில்லறை, டிபி 16. மொத்தம் 18 ரூபாய். ஆயிரத்துக்கு 18 ரூபாய்ன்னா 1.8 சதவீதம். இதையே ஒரு லட்சத்துக்கு, ஒரே கம்பெனியில வாங்கி வித்தா? எஸ்.டி.டி. 200, முத்திரைத்தீர்வை 15, சில்லறை ஏழு, டிபி 16. மொத்தம் 238 ரூபாய். கால் சதவீதம்கூட இல்ல.

ஆக, இந்த "ஜீரோ கமிஷன்" ஏற்பாடு லட்சம் வச்சிருக்கிறவனுக்கு மலிவு, ஆயிரம் வச்சிருக்கிறவனுக்கு விலை ஜாஸ்தி. விளம்பரம் யாருக்குக் காட்டுறாங்கன்னு கவனிச்சீங்களா? ஆயிரம் வச்சிருக்கிற சின்னப் பசங்களுக்குத்தான்.

இப்ப ஃபண்டு பக்கம் வருவோம். இண்டெக்ஸ் ஃபண்டுன்னு ஒரு வகை இருக்கு. நிஃப்டி 50-ல இருக்கிற அம்பது கம்பெனியையும் அதே விகிதத்துல வாங்கி வச்சுக்கும். எதை வாங்கலாம், எப்ப விக்கலாம்னு மண்டையைக் குழப்பிக்க மேனேஜர் தேவையில்ல, அதனால செலவு கம்மி. அமெரிக்காவுல ஜான் போகிள்ங்கிறவர் 1976-ல சாதாரண ஜனங்களுக்காக இதை ஆரம்பிச்சப்போ சிரிச்சவங்கதான் அதிகம். நம்ம நாட்டுலயும் ரொம்ப வருஷமா இருக்கு. டைரக்ட் பிளான்ல வாங்கினா வருஷச் செலவு சுமார் 0.2 சதவீதம். ஆயிரம் ரூபாய்க்கு வருஷம் ரெண்டு ரூபாய். வாங்கும்போது முத்திரைத்தீர்வை அஞ்சு பைசா. அவ்வளவுதான்.

பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க. ஆயிரம் ரூபாய்க்கு ஷேரை ஒரே ஒரு தடவை வாங்கி விக்க ஆகுற 18 ரூபாயில இண்டெக்ஸ் ஃபண்டை ஒன்பது வருஷம் வச்சுக்கலாம். ஷேர்ல அந்த ஆயிரம் ஒரே கம்பெனியில உக்காந்திருக்கும். ஃபண்டுல அம்பது கம்பெனியில உக்காந்திருக்கும்.

"அப்படின்னா மியூச்சுவல் ஃபண்டு நல்லது, ஷேர் கெட்டதுன்னு சொல்ல வர்றியா?"ன்னு கேப்பீங்க. இல்ல. ஃபண்டுக்காரங்களுக்கு வக்காலத்து வாங்க நான் இங்க உக்காரல. அவங்க பக்கத்துக் கதை எங்க அக்கா.

அக்கா பெரியகுளத்துல இருக்காங்க. மாமா போனப்புறம் வந்த பணத்துல மூணு லட்சத்தை ஒருத்தர் வந்து ஃபண்டுல போட்டுக் கொடுத்தார். நல்ல மனுஷன், வீட்டுக்கே வந்து கையெழுத்து வாங்கினார், காப்பிகூடக் குடிக்கல. "என் சர்வீஸுக்கு நீங்க பத்துப் பைசா தர வேண்டாம்மா"ன்னு சொல்லியிருக்கார். அக்காவுக்கு அவர்மேல ஏகப்பட்ட மரியாதை. போன தீபாவளிக்குப் போனப்ப ஸ்டேட்மெண்ட்டை வாங்கிப் பாத்தேன். ரெகுலர் பிளான். வருஷச் செலவு 1.9 சதவீதம். அதே ஃபண்டு, அதே மேனேஜர், அதே ஷேர்கள், டைரக்ட் பிளான்ல 0.8 சதவீதம். மூணு லட்சத்துக்கு ஒரு பக்கம் 5,700 ரூபாய், இன்னொரு பக்கம் 2,400 ரூபாய். நடுவுல இருக்கிற 3,300 ரூபாய்தான் பத்துப் பைசா வேண்டாம்னு சொன்னவருக்குப் போகுது. ஒரு தடவை இல்ல, வருஷா வருஷம். முதல் வளர வளர அதுவும் வளரும்.

இது திருட்டு இல்ல, சட்டப்படியான கமிஷன். 2009 ஆகஸ்டுக்கு முன்னாடி போடும்போதே நுழைவுக் கட்டணம்னு நூத்துக்கு ரெண்டேகால் ரூபாய்வரை வெளிப்படையா எடுத்தாங்க, அதை செபி நிறுத்திடுச்சு. 2013 ஜனவரியிலேருந்து ஒவ்வொரு ஃபண்டுலயும் டைரக்ட் பிளான் இருந்தே ஆகணும்னு ஆக்கிட்டாங்க. இப்ப கமிஷன் தினமும் யூனிட் மதிப்புல இருந்து நூல் நூலாப் போகுது. சீட்டுல தனி வரியா வராததால வலிக்காது. மண்டிக்காரனாச்சும் சீட்டுல எழுதிட்டுத்தான் பிடிக்கிறான்.

நான் அந்த மனுஷரைத் திட்டமாட்டேன். மார்க்கெட் விழும்போது அக்கா பயந்து எல்லாத்தையும் எடுத்துடாம அவர் தடுத்து நிறுத்தினார்னா, அந்த 3,300 தாராளமாத் தகும். படிவம் நிரப்ப, வாரிசு பேர் சேர்க்க ஆள் வேணும்தான், அதுக்குக் கூலி கொடுக்கிறதும் நியாயம்தான். எனக்குக் கோபம் "பத்துப் பைசா வேண்டாம்"ங்கிற அந்த ஒரு வாக்கியத்துமேலதான். கூலியைச் சொல்லிட்டு வாங்கு. மரம் ஏறி மிளகு பறிக்கிறவர் காலையிலேயே கூலி பேசிட்டுத்தான் ஏணியை எடுக்கிறார், உனக்கென்ன வெக்கம்?

ரெண்டு சதவீதம்னா சின்னதாத் தெரியும். மாசம் 5,000 ரூபாய் இருபது வருஷம் போடுறீங்க. கையிலேருந்து போறது 12 லட்சம். கணக்குக்காக மட்டும் மார்க்கெட் வருஷம் 12 சதவீதம் கொடுக்குதுன்னு வைங்க. (கொடுக்கும்னு நான் வாக்குக் கொடுக்கல, யார் கொடுத்தாலும் நம்பாதீங்க.) செலவு 0.2 போனா சுமார் 48 லட்சத்து 60 ஆயிரம் வரும். செலவு 2 சதவீதம் போனா சுமார் 38 லட்சத்து 30 ஆயிரம். பத்து லட்சத்துக்கு மேல வித்தியாசம். நீங்க இருபது வருஷமாப் போட்ட மொத்தப் பணமே 12 லட்சம்தான். கிட்டத்தட்ட அதே அளவு கூலியாப் போயிருக்கு.

ஷேர் பக்கத்துக்கு நியாயமா ஒண்ணு சொல்லணும், இல்லைன்னா நானும் ஏமாத்துறவனாயிடுவேன். ஒரு லட்சத்துக்கு நல்ல கம்பெனி ஷேர் வாங்கி இருபது வருஷம் கையே வைக்காம இருந்தா செலவு வாங்கும்போது ஒரு 120 ரூபாய், விக்கும்போது விக்கிற தொகையில ஆயிரத்துக்கு ஒரு ரூபாய் எஸ்.டி.டி.யும் டிபி சார்ஜும் சில்லறையும்தான். எந்த ஃபண்டும் அந்த அளவுக்கு மலிவு கிடையாது. டீமேட் கணக்குக்கு வருஷக் கட்டணம்கூட இப்ப பெரிய விஷயமில்ல: ஒரே ஒரு கணக்கு வச்சிருந்து, அதுல நாலு லட்சத்துக்குள்ள இருந்தா அடிப்படைச் சேவைக் கணக்குங்கிற வகையில கட்டணமே இல்ல, 2024 செப்டம்பர்லேருந்து. அதனால "ஷேர் எப்பவுமே செலவு ஜாஸ்தி"ன்னு எவனாவது சொன்னா அதுவும் பொய்தான்.

ஆனா கையே வைக்காம இருக்கணும். அதுக்கு எந்தக் கம்பெனின்னு முதல்லயே சரியா எடுத்திருக்கணும். அங்கதான் புதுசா வர்றவங்களுக்கு இடறும்.

எங்க மலையில இருக்கிற பழைய ஆட்களைக் கேளுங்க. விருப்பாச்சி மலைவாழைன்னா அப்படி ஒரு பேரு. பழனி பஞ்சாமிர்தத்துக்கே இந்தப் பழம்தான். ஒரு காலத்துல மலைச்சரிவு பூரா வாழை. முடிக்கொத்து நோய் வந்துச்சு. அசுவினி பரப்புற நோய், வந்த மரத்தைப் பிடுங்கி எரிக்கிறதைத் தவிர வழியில்ல. தோட்டம் தோட்டமா அழிஞ்சது. வாழையை மட்டும் நம்பினவங்க கீழ இறங்கி திருப்பூருக்கு வேலைக்குப் போனாங்க. எங்க அய்யா தோட்டத்துல வாழை இருந்துச்சு, அதுக்கு நடுவுல காப்பி, நிழலுக்குப் பலா, சில்வர் ஓக், அதுல ஏத்திவிட்ட மிளகு, ஓரத்துல ஆரஞ்சு. வாழை போச்சு, அப்புறம் ஆரஞ்சுக்கும் நோய் வந்து அதுவும் போச்சு. காப்பியும் மிளகும் நின்னுச்சு. அய்யாவுக்கு அறிவு ஜாஸ்திங்கிறதால இல்ல. எது நிக்கும்னு அவருக்குத் தெரியாது. தெரியாதுங்கிறது அவருக்குத் தெரிஞ்சிருந்துச்சு.

ஷேர்லயும் இதுக்கு ஒரு உதாரணம் ஊரறிஞ்சது. யெஸ் பேங்க். 2018 ஆகஸ்டுல ஒரு ஷேர் நானூறு ரூபாய் பக்கம் போச்சு. 2020 மார்ச் 5-ம் தேதி ரிசர்வ் வங்கி பணம் எடுக்கக் கட்டுப்பாடு போட்டப்ப விலை பாதாளத்துக்குப் போயிடுச்சு. நூறு ஷேருக்கு மேல வச்சிருந்தவங்களுக்கு முக்கால்வாசியை மூணு வருஷம் விக்கவே முடியாதுன்னு பூட்டும் போட்டாங்க. அது ஏதோ ஊர் பேர் தெரியாத கம்பெனி இல்ல, நிஃப்டி 50-லயே இருந்த வங்கி. அப்ப இண்டெக்ஸ் ஃபண்டு வச்சிருந்தவங்ககிட்டயும் அது இருந்துச்சு. ஆனா அம்பதுல ஒண்ணு, கடைசியில ஒரு சிட்டிகை அளவு. அந்த மாசமே இண்டெக்ஸ்லேருந்து எடுத்துட்டு வேற கம்பெனியைப் போட்டாங்க. பெரும்பாலான ஃபண்டுக்காரங்களுக்கு அது நடந்ததே தெரியாது. நேரா வாங்கினவங்க தலையில கைவச்சு உக்காந்தாங்க. அவங்க "கமிஷன் மிச்சம்" பண்ணினதுக்கு என்ன மதிப்பு?

"முப்பது கம்பெனி வாங்கினேனே, அதுவும் கலப்புப்பயிர்தானே"ன்னான் தம்பி மகன். சரியான கேள்வி. கலப்புதான், ஆனா ஒவ்வொரு செடிக்கும் தனித்தனியா வண்டி வாடகை கொடுத்திருக்கான். ஃபண்டு உள்ளுக்குள்ள ஷேரை வித்து வேற வாங்கினா அதுக்கு நம்ம பேர்ல வரி வராது, நாம யூனிட்டை வித்தா மட்டும்தான் வரி. நேரா செஞ்சா ஒவ்வொரு விற்பனையும் நம்ம கணக்கு. ஒரு வருஷத்துக்குள்ள வித்த லாபத்துக்கு 20 சதவீதம், வருஷம் தாண்டினா ஒண்ணேகால் லட்சம் லாபம்வரை விலக்கு, அதுக்கு மேல 12.5 சதவீதம். விகிதம் ரெண்டுக்கும் ஒண்ணுதான். ஆனா நூத்து நாப்பது விற்பனையை வருமானவரி படிவத்துல எழுதணும். விவசாய வருமானம் மட்டும் இருக்கிற குடும்பத்துல இதுவரைக்கும் ஆடிட்டர் வாசலையே மிதிச்சதில்ல. இனி மிதிக்கணும். அவர் சும்மா செய்வாரா?

இதுல இன்னொரு கூட்டம் இருக்கு, காலையில வாங்கி சாயங்காலம் விக்கிற கூட்டம். செபியே 2024 ஜூலையில ஒரு ஆய்வு வெளியிட்டுச்சு: 2022-23-ல அப்படி ஷேர் வியாபாரம் செஞ்ச தனிநபர்கள்ல பத்துல ஏழு பேர் நஷ்டம். நஷ்டப்பட்டவங்க, நஷ்டத்துக்கு மேல, அந்த நஷ்டத்துல 57 சதவீதம் அளவுக்குச் செலவாவும் கட்டியிருக்காங்க. அதாவது நூறு ரூபாய் தோத்தவன் 57 ரூபாய் கூலியும் கொடுத்துட்டு வந்திருக்கான். அதே செப்டம்பர்ல ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் பத்தின ஆய்வு, மூணு வருஷத்துல 93 சதவீதம் பேர் நஷ்டம். அந்த மூணு வருஷத்துல தனிநபர்கள் கட்டின பரிவர்த்தனைச் செலவு மட்டும் சுமார் 50,000 கோடி ரூபாய், அதுல பாதி புரோக்கர்களுக்கு. ஜீரோ கமிஷன் ஆப்பு எதை வச்சுப் பிழைக்குதுன்னு இப்ப புரியுதா? ஷேர் வாங்கி வச்சுக்கிறவனுக்கு வாசலைச் சும்மா திறந்து விடுறாங்க, உள்ளே வந்தவன்ல நாலு பேர் அடுத்த அறைக்குப் போவான்னுதான்.

பழைய ஆட்கள் ஒருத்தர் ரெண்டு பேர் "யூனிட் டிரஸ்ட் கதை மறந்துபோச்சா?"ன்னு கேப்பாங்க. மறக்கல. 1964-ல ஆரம்பிச்ச யூ.எஸ்.-64 திட்டம் அரசாங்கப் பணம் மாதிரின்னு நம்பிப் போட்டவங்க எங்க சொந்தத்துலயே உண்டு. 2001 ஜூலையில யூனிட்டைத் திருப்பி வாங்குறதை நிறுத்தினாங்க. உள்ளே இருக்கிற ஷேரோட உண்மை மதிப்பு ஒண்ணு, அவங்களா வச்ச விலை ஒண்ணு, அதுதான் வினை. இப்ப தினமும் மதிப்பை வெளியிடணும். ஃபண்டுன்னா பாதுகாப்புன்னு அர்த்தம் இல்ல, மார்க்கெட் பாதியா விழுந்தா இண்டெக்ஸ் ஃபண்டும் பாதியா விழும். அதனாலதான் வேலிக்கு வச்ச பணத்தை ஷேர்லயும் போடக்கூடாது, இண்டெக்ஸ் ஃபண்டுலயும் போடக்கூடாது. அது டெபாசிட்டுல கிடக்கவேண்டிய பணம். இந்தத் தப்பு தம்பி மகன் தப்பு இல்ல, என் தப்பு.

நம்ம ஆளுங்க இன்னொண்ணும் சொல்வாங்க: "சீட்டு போட்டா இதெல்லாம் தலைவலியே இல்ல." பதிவு பண்ணின சீட்டுல நடத்துறவருக்குக் கமிஷன் 7 சதவீதம்வரை எடுத்துக்கலாம்னு 2019-ல சட்டத்தையே மாத்தினாங்க, அதுக்கு முன்னாடி 5. அதைக் கொடுக்கும்போது யாரும் முணுமுணுக்கிறதில்ல. 0.2 சதவீத ஃபண்டைப் பாத்து மட்டும் "கமிஷன் அடிக்கிறான்"னு குதிக்கிறாங்க.

அப்ப நான் என்ன செய்யச் சொல்றேன்? மாசம் ஆயிரம், ரெண்டாயிரம், அஞ்சாயிரம்னு ஆரம்பிக்கிறவங்க, ஏழெட்டு வருஷத்துக்குத் தேவைப்படாத பணமா இருந்தா, டைரக்ட் பிளான் இண்டெக்ஸ் ஃபண்டுல போட்டுட்டுத் தோட்டத்துக்குப் போங்க. ஷேர்தான் வாங்குவேன்னா, ஒரு கம்பெனிக்கு இருபதாயிரம், இருபத்தஞ்சாயிரமாவது போடுற நிலைமை வரட்டும், அப்புறம் வாங்குங்க. வாங்கினா வச்சிருங்க. நாலாயிரம் நாலாயிரமா முப்பது இடத்துல போட்டு வாராவாரம் மாத்துறது யாருக்கு லாபம்னு கான்ட்ராக்ட் நோட்டு சொல்லும். ஏஜெண்ட் மூலமா ஃபண்டு வச்சிருக்கிறவங்க, ஆறு மாசத்துக்கு ஒரு தடவை மெயில்ல வர்ற ஒருங்கிணைந்த கணக்கு அறிக்கையைத் திறங்க. உங்க கணக்குக்காக விநியோகஸ்தருக்கு எவ்வளவு கொடுத்தாங்கன்னு ரூபாய்ல அதுல போட்டிருக்கும். கேட்டு வாங்க வேண்டியதில்ல, கண்ணாடி போட்டுக்கிட்டாப் போதும்.

அக்காகிட்ட இதைச் சொன்னேன். டைரக்டுக்கு மாத்தினா விக்கிற மாதிரி கணக்கு, லாபத்துக்கு வரி வரலாம், அதனால பழையது அங்கேயே இருக்கட்டும், இனிமேல் போடுறதை மட்டும் டைரக்டுல போடலாம்னேன். அக்கா கொஞ்சநேரம் யோசிச்சு, "அந்தத் தம்பி நல்ல பையன்டா, மாமா காரியத்துக்குக்கூட வந்து நின்னான். நீ மலையில இருந்து எப்ப வருவ?"ன்னாங்க. எனக்குப் பதில் சொல்லத் தெரியல. அவங்க அவர்கிட்டயே தொடரட்டும். எவ்வளவு கொடுக்கிறாங்கன்னு தெரிஞ்சு கொடுக்கிறாங்க இப்ப.

தம்பி மகனோட முப்பது கம்பெனியை மொத்தமா வித்தா இன்னொரு தொள்ளாயிரம் ரூபாய் வாடகை போகும். பதினாறை வித்து வேலிக்காரருக்கு முன்பணம் கொடுத்தோம். போன வியாழக்கிழமை கம்பம் நட்டாச்சு, பேட்டரி இன்னும் வரல. முந்தாநாள் ராத்திரி காட்டுமாடு ரெண்டு வந்து கம்பத்தை மோந்து பாத்துட்டுப் பக்கத்துத் தோட்டத்துக்குப் போயிருக்கு, குளம்புத்தடம் கிடக்கு. அடுத்த பதிவுல அந்த வேலிக் கணக்கை எழுதுறேன், அதுலயும் மறைஞ்ச செலவு நிறைய.